பருவு

வேகன்-ஆர் டிக்கியில் பாதி இடம் கேஸ் சிலிண்டருக்கு.
மீதியை தமயந்தி டேப் வைத்து அளந்தாள்:
நேராக முப்பத்தெட்டு அங்குலம்,
குறுக்கே சாய்த்தால் நாற்பத்தொன்று.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.
அதற்கு மேல் நீண்ட எதுவும்
எங்களோடு ஏரிக்கு வர முடியாது.

தடாவுக்குக் கிழக்கே பழவேற்காட்டின் கரையில்
வலைத்தூளி கட்ட இரண்டு மரம் சேர்ந்தாற்போல் கிடையாது.
ஒரு பனை இருக்கும். அதற்கு ஜோடி
அரைக் கிலோமீட்டர் தள்ளி.
நடுவெல்லாம் சீமைக்கருவேலம்,
நம்பி முதுகைக் கொடுக்க முடியாது.
மரத்தை விலைக்கு வாங்கி
மடித்து எடுத்துப் போவதென்று
மூன்றாம் ஷிப்ட் டீ நேரத்தில் முடிவானது.

சூளூர்பேட்டைக் கடையில் மூன்று ஸ்டாண்ட் இருந்தன.

பிறைபோல் வளைந்த மரம் ஒன்று, வார்னிஷ் மினுக்கல்.
கல்யாண மண்டப வாசலில் வைக்கலாம்.
அடுத்தது அலுமினியம், ஏழே கிலோ,
பைக்குள் குடைபோல் அடங்கியது.
தமயந்தி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு
கடைக்குள்ளேயே நாலு நடை நடந்தாள்.
நான் அதன் மூட்டை நகத்தால் சுரண்டினேன்.
பதினொரு வருஷமாக
கார் இருக்கைச் சட்டங்களில் வெல்டிங் பார்ப்பவள்.
எது உருகி உள்ளே இறங்கியது,
எது சும்மா மேலே ஒட்டி நிற்கிறது,
நகத்துக்குத் தெரியும்.
பெயின்டுக்கு அடியில் ஓர் ஊசித்துளை.
"இதை நான் பாஸ் பண்ண மாட்டேன்" என்றேன்,
யாரோ கையெழுத்து கேட்டதுபோல.

மூன்றாவது இரும்பு. பதினாலு கிலோ. அழகில்லை.
ஐந்து துண்டுகள், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்ததும்
பொத்தான் 'டக்'கென்று வெளியே எட்டிப் பார்க்கும்.
அந்த 'டக்' எனக்குப் பிடித்தது.

கடைப்பையன் வேணுமாதவ் கேட்டான்:
"எந்த பருவு, அக்கா?"

தெலுங்கில் பருவு என்றால் எடை.
உதட்டை லேசாக அழுத்தி மாற்றினால் மானம்.
தமிழில் எழுதினால்
இரண்டுக்கும் அதே மூன்று எழுத்து.
எழுபத்தெட்டு என்றேன்.
தமயந்தி கண்ணாடிக் கதவு வழியே
ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தாள்.
போன மாதம் கம்பெனி மருத்துவ முகாமில்
எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் அவள்தான்.

நூற்றிருபது தாங்கும் என்றது ஸ்டிக்கர்.
அசையாமல் படுப்பது வேறு,
பொத்தென்று விழுவது வேறு.
ஆட்டத்துக்கு ஒன்றரை மடங்கு போட வேண்டும்.
எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பதினேழு, சரி.
எண்பத்தாறுக்குப் போட்டுப் பார்த்தேன்,
உதடு அசையாமல்.

"இதுலயே பெரிசு இருக்கா?" என்றாள் தமயந்தி.
"எனக்குத்தான். தூக்கத்துல நான் உருளுவேன்."
அவள் ஐம்பது கிலோகூட இருக்க மாட்டாள்.
வேணுமாதவ் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
குடோனுக்குப் போய் இழுத்து வந்தான்.
நூற்றறுபது தாங்கும். எண்ணூறு ரூபாய் கூட.
துண்டு ஒவ்வொன்றும் நாற்பது அங்குலம்.
அவள் உள்ளங்கையை விரித்தாள்.
குறுக்கே.

ஏரிக்கரையில் அதன் கால்கள் சேற்றில் இறங்கின.
சேற்றைப் பற்றி ஸ்டிக்கரில் ஒன்றும் இல்லை.
வண்டியின் ரப்பர் மிதியடிகளை அடியில் போட்டோம்.
முதலில் தமயந்தி படுத்தாள். உருளவேயில்லை.
இரண்டு நிமிஷத்தில் எழுந்து, "ஏறு" என்றாள்.

வெகுநேரம் விறைத்துக் கிடந்தேன்,
இரும்பு ஏதாவது சொல்கிறதா என்று.
உப்புக்காற்று. இருட்டில் எங்கோ
பூநாரைகள் தண்ணீரைக் கலக்கும் சத்தம்.
எப்போது தூங்கினேனோ.

கண் விழித்தபோது என் கால்மாட்டுக் கம்பியில்
ஈரக்கூடை ஒன்று தொங்கியது, நிறைய நண்டு.
போலம்மா என்கிற அம்மாள்
முழங்கால் தண்ணீரில் வலையை அலசிக்கொண்டிருந்தாள்.
"கீழ வெச்சா நாய் இழுக்குது.
தூங்கற பொண்ணை எழுப்புவானேன்னு மாட்டிட்டேன்."

கூடை என்ன பருவு என்று
நான் கேட்கவில்லை.